குதிரைத்திறனும் பின்சக்கர எடையும்

சேலம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது கெங்கவல்லி. இந்த வட்டாரத்தில் ஓடும் சுவேத நதிதான் பிறகு வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறு ஆகிறது. மலையடிவாரத்தில் சரளை கலந்த செம்மண் காடுகள். ஆற்றையும் ஏரியையும் ஒட்டிய தாழ்வான நிலங்களில் களி மிகுந்த கனத்த மண். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுத் தண்ணீர் எட்டும் இடத்தில் குச்சிக்கிழங்கும் மஞ்சளும், தாழ்வான வயல்களில் நெல்லும் விளைகின்றன. ஒரே குடும்பத்துக்கு மேட்டில் ஒரு காடும் பள்ளத்தில் ஒரு வயலும் இருக்கும். டிராக்டர் மட்டும் ஒன்றுதான். அதன் பின்னால் எந்தக் கலப்பையை மாட்டுவது என்று கேட்டால், பெரும்பாலும் குதிரைத்திறனை வைத்துத்தான் பதில் வருகிறது. 35 ஹெச்பி என்றால் இரண்டு சட்டி, 45 என்றால் மூன்று சட்டி, ஒன்பது கொத்து, ஆறடி ரோட்டவேட்டர் என்று ஒரு கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். இந்தக் கணக்கு முழுத் தப்பில்லை, ஆனால் இழுவை வேலையைத் தீர்மானிக்கும் முதல் காரணியை அது விட்டுவிடுகிறது. மண்ணை இழுத்துக் கிழிக்கும் எந்தக் கலப்பைக்கும் முதலில் குறுக்கே நிற்பது பின்சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் எடைதான். இன்ஜினின் திறன் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இதை எண்களை வைத்தே பார்த்துவிடலாம். கலப்பை மண்ணில் போகும்போது எவ்வளவு விசையோடு டிராக்டரைப் பின்னுக்கு இழுக்கும் என்பதற்கு அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் ஒரு சூத்திரத்தைத் தரநிலையாக வைத்திருக்கிறது. மண்ணின் தன்மை, கலப்பையின் வகை, அகலம், ஆழம், வேகம் ஐந்தும் அதில் வரும். தலா ஓரடி அகலமுள்ள இரண்டு இறக்கை கொண்ட கலப்பையை 20 செ.மீ. ஆழத்தில், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர மண்ணில் இழுவிசை ஏறக்குறைய 670 கிலோ. அதாவது அந்த எடையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றிலிருந்து நேராகத் தூக்க வேண்டிய விசை. மணற்பாங்கான மண்ணில் 430 கிலோ போதும். களிமண்ணில் 950 கிலோவைத் தொடும். நிலத்துக்கு நிலம் இவை 40 சதவீதம் வரை கூடக்குறைய வரலாம் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஆனாலும் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் நம்பத்தக்கது. இந்த வேகத்தில் 670 கிலோவை இழுக்கத் தேவையான திறன் சுமார் 12 ஹெச்பிதான். களிமண்ணின் 950 கிலோவுக்கும் 18 ஹெச்பிக்குள் அடங்கிவிடும். 35 ஹெச்பி இன்ஜினில் பல்சக்கரம், டயர் என்று வழியில் இழப்பது போக, உழுத மண்ணில் 20 ஹெச்பி வரை கொக்கிக்கு வந்து சேரும். ஆக இன்ஜினைக் கேட்டால் களிமண்ணையும் உழுதுவிடலாம் என்றுதான் சொல்லும்.

சக்கரத்தைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. இரண்டு சக்கர இழுவையுள்ள அப்படிப்பட்ட டிராக்டர் 1.8 டன் இருக்குமென்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 1,200 கிலோ, பின்சக்கரத்தில் நிற்கும். கலப்பை மண்ணில் இறங்கி இழுக்கும்போது அதன் எடையிலும் முன்சக்கர எடையிலும் ஒரு பகுதி பின்னுக்கு மாறும். அதற்கு 300 கிலோ சேர்த்து 1,500 என்று வைப்போம். ரப்பர் டயர், இறுகிய காட்டு மண்ணில் தன் மேல் உள்ள எடையில் 45 சதவீதம் அளவுக்கு இழுக்கும். அதற்கு மேல் கேட்டால் சறுக்கும். 1,500 கிலோவில் 45 சதவீதம் 675 கிலோ. நடுத்தரச் செம்மண்ணின் 670 கிலோவுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. களிமண்ணின் 950 கிலோவுக்கு எட்டாது. இன்ஜினில் மிச்சம் இருக்கும் ஹெச்பி எல்லாம் சக்கரத்தைச் சும்மா சுழற்றத்தான் பயன்படும். ஓட்டுநர்கள் 'வண்டி ஸ்லிப் அடிக்குது' என்று சொல்வது இதைத்தான். மழை பெய்து ஈரம் கூடிவிட்டால் 45 சதவீதம் 30க்கு இறங்கும். அப்போது அதே டிராக்டரின் இழுவை 450 கிலோதான்.

உளிக்கலப்பையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுத நிலத்தில், கலப்பையின் அடியும் சக்கரமும் அழுத்தி, மேல்மண்ணுக்குக் கீழே ஒரு கடினத் தட்டு உருவாகிறது. வேர் அதைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பும்; மழைநீர் அதன் மேல் தேங்கும். குச்சிக்கிழங்கு அங்கே நீளமாக இறங்காமல் குட்டையாகவும் கோணலாகவும் முடியும்; பிடுங்கும்போது ஒடியும். இந்தத் தட்டை உடைக்க, அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, நெடுக்கும் குறுக்குமாக உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். இந்தக் கலப்பையில் இருப்பது ஒரே ஒரு கொழு. பார்க்கிறவருக்கு, இவ்வளவு பெரிய வண்டிக்கு இத்தனூண்டு கலப்பையா என்று தோன்றும். சூத்திரத்தில் போட்டால், நடுத்தர மண்ணில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் அந்த ஒற்றைக் கொழு 690 கிலோ இழுவிசை கேட்கிறது. திறனோ 8 ஹெச்பிகூட வேண்டாம். இன்ஜின் பாதிக்கு மேல் ஓய்வாக இருக்கும்போதே சக்கரம் தன் எல்லையைத் தொட்டு நிற்கிறது. ஹெச்பியை மட்டும் பார்த்து இரண்டு கொழு வாங்கியவர் 40 செ.மீ. ஆழத்தை எட்ட முடியாமல் 20 செ.மீ.யில் ஓட்டிவிட்டு வருவார். தட்டு அப்படியே இருக்கும், டீசல் மட்டும் தீரும்.

கலப்பை தன் விசையையே டிராக்டரின் எடையாக மாற்றித் தரும்படி செய்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். அதற்கு முன் டிராக்டர்கள் கலப்பையைக் கட்டி இழுத்தன. 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில், கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், சக்கரம் நின்றுவிட, இன்ஜின் வண்டியின் முன்பக்கத்தையே தூக்கிப் பின்னால் கவிழ்த்துவிடும். ஓட்டியவர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்தார்: கீழே இரண்டு கைகள் இழுக்கும், மேலே ஒரு தண்டு தள்ளும். கலப்பை எதிலாவது மாட்டினால் அந்த மேல்தண்டு டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும். இழுவிசை கூடினால் ஹைட்ராலிக் லிஃப்ட் தானே கலப்பையைச் சற்று உயர்த்தும். அப்போது கலப்பையின் எடையும் அது கீழ்நோக்கி உறிஞ்சும் விசையும் பின்சக்கரத்தில் ஏறும். ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடையில் 1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரால், தன்னைவிடக் கனமான வண்டிகளின் வேலையைச் செய்ய முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாசி ஃபெர்குசன் டிராக்டரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. இன்று எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் பின்னால் இருப்பது இந்த மூன்று புள்ளி இணைப்புதான். டாப் லிங்க் எனப்படும் அந்த மேல்தண்டை நீட்டிக் குறைப்பதை வெறும் சாய்மானச் சரிக்கட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தண்டின் நீளத்தில் கலப்பை கீழே குத்தும் கோணம் மாறுகிறது; கோணம் மாறினால் பின்சக்கரத்தில் ஏறும் எடையும் மாறுகிறது.

இப்போது கலப்பைகளுக்கு வருவோம். இறக்கைக் கலப்பை தன் கொழுவின் வடிவத்தால் தானே மண்ணுக்குள் இறங்கும். அதனால் அது இலகுவாக இருக்கலாம், டிராக்டரின் மேலும் எடை ஏற்றும். ஆனால் கல்லும் வேரும் நிறைந்த இடத்தில் அடிபட்டு வளையும். ஒட்டும் களியில் மண் இறக்கையை விட்டு விலகாது. சட்டிக் கலப்பை இதற்கு நேர்மாறு. அது உருண்டுகொண்டே போவதால் கல்லின் மேலும் வேரின் மேலும் ஏறி இறங்கிவிடும். பச்சைமலை அடிவாரத்துச் சரளைக் காட்டுக்கும், பருத்திமார் பிடுங்கிய நிலத்துக்கும் அது பொருந்தும். ஆனால் தானாக இறங்காது. சட்டி மண்ணுக்குள் போவதற்குக் கலப்பையின் சொந்த எடைதான் காரணம். அதனால் சட்டிக் கலப்பைகளைக் கனமாகவே செய்கிறார்கள். அந்தக் கனம் ரோட்டில் தூக்கிப் போகும்போது முன்சக்கரத்தைக் காற்றில் விட்டுவிடும். கலப்பையைத் தூக்கிய நிலையிலும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது டிராக்டர் கையேடுகளில் உள்ள பொதுவிதி; அது குறைந்தால் ஸ்டியரிங் பேசாது. முன்னால் மாட்டும் இரும்பு எடைகள் அழகுக்காக வைத்தவை இல்லை. ஒன்பது கொத்துக் கலப்பை இந்த வட்டாரத்தின் அன்றாடக் கலப்பை. இறுகிய நிலத்தில் 12 செ.மீ. ஆழத்துக்கு முதல் உழவு போட அது 560 கிலோ கேட்கும். இரண்டாம் உழவுக்கு 390 போதும். நம் 675 கிலோ எல்லைக்குள் இரண்டும் வசதியாக அடங்குகின்றன. அது இவ்வளவு பரவியதற்குக் காரணம் மலிவு மட்டும் இல்லை. 35 ஹெச்பி வண்டியின் எடைக்கு அது உண்மையிலேயே பொருத்தமான கருவி.

இதற்கு எதிராக எழும் வலுவான வாதம் ரோட்டவேட்டர் பக்கத்திலிருந்து வருகிறது. எடைதான் எல்லை என்றால் எடையை நம்பாத கருவியை வாங்கலாமே? ரோட்டவேட்டர், டிராக்டரின் பின்னால் சுழலும் பிடிஓ தண்டின் நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தை வாங்கிக் கத்திகளால் மண்ணை வெட்டுகிறது. இன்ஜினின் திறன் டயர் வழியாகப் போகாமல் நேராகக் கத்திக்குப் போகிறது. கத்தி சுழலும் திசையால் வண்டியை அது முன்னுக்கே தள்ளுகிறது. இயற்பியலாக இந்த வாதம் முழுக்கச் சரி. எடையை நம்பும் கருவி, திறனை நம்பும் கருவி என்ற இதே பிரிவினை பனி பெய்யும் நாடுகளிலும் உண்டு. அங்கே பிக்கப் டிரக்கின் முன்னால் பனித்தள்ளி மாட்டுகிறவர்கள், இன்ஜினை விட முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு எடை வைத்துச் சமன் செய்வது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். தள்ளும் பலகைக்குச் சக்கரப்பிடிப்பே எல்லை. பனி ஆளுயரத்துக்கு இறுகிவிட்டால் தள்ளும் பலகை தோற்றுவிடும். ரயில்பாதைகளில் ஆப்பு வடிவப் பனித்தள்ளிகள் சிக்கி நின்ற காலத்தில், 1869இல், டொராண்டோவின் பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் சுழலும் சக்கரத்தால் பனியை வெட்டி வீசும் கருவியை வடிவமைத்தார். காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாயில் எல்லைச் சாலைகள் அமைப்பு இன்று பயன்படுத்தும் பனிவெட்டிகளும் அதே கொள்கையில் இயங்குபவை. தள்ளுவது எடையைக் கேட்கும். வெட்டுவது திறனைக் கேட்கும்.

பனியை வெட்டி வீசியதோடு வேலை முடிந்தது. வெட்டிய மண்ணிலோ அதற்குப் பிறகுதான் பயிர் வளர வேண்டும். சேற்று உழவுக்கு ரோட்டவேட்டருக்கு நிகர் இல்லை. நெல் வயலில் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்க வேண்டும், அதற்கு மண் கூழாவதே நல்லது. மானாவாரிச் செம்மண்ணில் நமக்கு வேண்டியது அதற்கு எதிரானது. மாவாக அரைத்த செம்மண்ணின் மேல் வடகிழக்குப் பருவமழையின் பெருந்துளிகள் விழுந்தால், நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேல்தோல் ஓடுபோல இறுகுகிறது. முளை அதை முட்டி வர முடியாது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிப்போகும். கத்தி எப்போதும் 10, 12 செ.மீ.யிலேயே சுழல்வதால் அந்த ஆழத்தில் மண்ணை இழைத்துப் புதிதாக ஒரு தட்டையும் உருவாக்குகிறது. நெல்லிக்காய் அளவிலிருந்து முட்டை அளவு வரை கட்டிகள் கலந்து கிடக்கும் நிலம் பார்க்க முரடாக இருந்தாலும், மழையை வாங்கிக்கொள்ளும் நிலம் அதுதான். ஆகவே ரோட்டவேட்டரை வயலுக்கு வைத்துக்கொண்டு, காட்டுக்குக் கொத்துக் கலப்பையை விடாமல் இருப்பதே சரி என்பது என் முடிவு. ஒரே கருவியை எல்லா நிலத்துக்கும் ஓட்டினால், தாழ்வயலில் பார்த்த லாபத்தை மேட்டுக்காட்டில் இழக்கிறோம்.

அடுத்த வாதம்: பெரிய வண்டி வாங்கிவிடலாமே. எடை கூடும், இழுவை கூடும், உண்மைதான். ஆனால் சக்கரத்தின் கீழே மண் எவ்வளவு ஆழத்துக்கு இறுகும் என்பதையும் அச்சின் எடைதான் தீர்மானிக்கிறது; டயரை அகலமாக்கினால் மேல்மண்ணின் அழுத்தம் குறையுமே தவிர, அடிமண்ணுக்குப் போகும் சுமை பெரிதாகக் குறையாது. உளிக்கலப்பை இழுக்க என்று வாங்கிய கனமான வண்டியே உளிக்கலப்பைக்குத் தேவையை உண்டாக்கும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். அதில் பெரிய வண்டி திரும்புவதற்கே வரப்போரத்தில் ஒரு பட்டையை மிதித்தாக வேண்டும். எடையைத் தேவைப்படும்போது மட்டும் கூட்டும் வழி இருக்கிறது: பின் டயரில் தண்ணீர் நிரப்புவது. ஒரு டயருக்கு 150 லிட்டர் என்றால் இரண்டிலும் சேர்த்து 300 கிலோ. இழுவை 135 கிலோ கூடி 810 ஆகும். உளிக்கலப்பைக்கு அது தாராளம்; களிமண்ணில் இரண்டு இறக்கைக்கு அப்போதும் பற்றாது. வேலை முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிடலாம். நாலு சக்கர இழுவை இன்னொரு வழி. அதில் முன் அச்சின் எடையும் சேர்ந்து இழுக்கிறது. விலை கூடுதல் என்பது தவிர அதில் சொல்லக் குறை இல்லை.

ஆழமாகப் புரட்டினால்தான் களையும் பூச்சியும் சாகும் என்ற நம்பிக்கையும் பெரிய கலப்பைக்கு ஆதரவாக வருகிறது. 2018இல் படைப்புழு இந்தியாவுக்கு வந்து மக்காச்சோளத்தைத் தின்ற பிறகு, கோடையில் ஆழ உழவு போடும் பரிந்துரை ஊரெங்கும் பரவியது. கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் வெளிக்கொண்டுவருவது நல்ல யோசனை. ஆனால் அந்தப் புழு கூடு கட்டுவது பெரும்பாலும் 2 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குள். 12 செ.மீ. ஓடும் கொத்துக் கலப்பையே அதைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காக 20 செ.மீ. ஆழத்தில் டீசலை எரிக்க வேண்டியதில்லை. கோரை, அருகு போன்ற ஆழவேர்க் களை பிடித்த நிலத்தின் கதை வேறு. அங்கே சட்டிக் கலப்பைக்கு நியாயம் இருக்கிறது. எதையும் புரட்டவே கூடாது என்று 1943இல் எட்வர்டு ஃபாக்னர் எழுதிய நூல் அமெரிக்காவில் பெரிய வாதத்தைக் கிளப்பியது. அவர் மண்ணின் மேல் கிடக்கும் சருகை நம்பினார். நம் காட்டில் மக்காச்சோளத் தட்டை முழுக்க மாட்டுக்குப் போகிறது. மண்ணை மூட எதுவும் மிஞ்சாத இடத்தில் அவர் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வாடகைக்கு உழுகிறவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதுதான் கலப்பை, விவசாயி எங்கே தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்கலாம். இது நியாயமான மறுப்பு. பலருக்கு நிலைமை அப்படித்தான். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு ஸ்லிப் ஆகும் நேரமும் காசுதான் என்பதும் உண்மை. ஆனால் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் வண்டிகளுக்கு முன்பதிவு செய்யும்போது கருவியைக் கேட்டுப் பெறலாம். தனியாரிடமும் 'உழவு' என்று பொதுவாகச் சொல்லாமல் இன்ன கலப்பை, இவ்வளவு ஆழம் என்று பேசலாம். வாங்குகிறவர்களுக்கு இன்னொரு துணை உண்டு. 1919இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், சோதித்துச் சான்று பெறாத டிராக்டரை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. விளம்பரத்தை நம்பி வாங்கி நொந்த விவசாயிகள் கேட்டுப் பெற்ற சட்டம் அது. இந்தியாவில் அந்தச் சோதனையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிறுவனம் செய்கிறது. அதன் அறிக்கையில் ஹெச்பியோடு, கூடுதல் எடை ஏற்றியும் ஏற்றாமலும், சறுக்கல் 15 சதவீதத்தைத் தாண்டாமல் வண்டி எத்தனை கிலோ இழுக்கிறது என்பதும் இருக்கும். கான்கிரீட் தளத்தில் எடுத்த அளவு என்பதால் காட்டில் அது குறையும். இருந்தாலும் இரண்டு வண்டிகளை ஒப்பிட விளம்பரத் தாளைவிட நூறு மடங்கு உதவும்.

தன் காட்டில், தன் வண்டியில் எவ்வளவு சறுக்கல் என்பதை அளக்க ஒரு சாக்கட்டியும் டேப்பும் போதும். மண் பதமாக இருக்கும் நாளில் அளக்க வேண்டும்: கையில் பிடித்த உருண்டையைக் கீழே போட்டால் உதிர வேண்டும், நசுங்கி ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், பிடிக்கவே வராவிட்டால் காய்ந்துவிட்டது. பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். 28 அங்குல ரிம் டயரில் அது 40 மீட்டர் பக்கம் வரும். கலப்பையை இறக்கி, நினைத்த ஆழத்தில் உழுதுகொண்டே அதே 10 சுற்றை மறுபடி அளக்க வேண்டும். 36 முதல் 34 மீட்டர் வரை வந்தால் சறுக்கல் 10 முதல் 15 சதவீதம். கலப்பையும் வண்டியும் பொருந்திவிட்டன. 38க்கு மேல் போனால் இன்னும் பெரிய கலப்பையை இந்த வண்டி தாங்கும், அல்லது டயர் தண்ணீரைக் குறைக்கலாம். 30 மீட்டரில் நின்றால் டீசலில் கால்வாசி மண்ணைத் தேய்க்கப் போகிறது: முதலில் ஆழத்தை மூன்று நான்கு செ.மீ. குறைத்து அளந்து பார்க்க வேண்டும், அப்போதும் சரிவராவிட்டால் டயரில் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சட்டியைக் கழற்றுவது. மூன்று சட்டிக் கலப்பைகளில் இரண்டாக மாற்றி ஓட்டும் வசதியோடு வருபவை உண்டு. மேட்டிலும் பள்ளத்திலும் நிலம் வைத்திருப்பவர் அந்த மாடலைக் கேட்டு வாங்கலாம்.